ஆகஸ்ட் கடைசியில் மியூர் பனிவெளி: ஸ்கீயோடு ஒரு ராத்திரி தங்குவது பற்றி

ரெட்மண்ட்வாசி (கேள்வி)

வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைக்கு இரண்டு பேர் போகிறோம். பாரடைஸில் வண்டியை விட்டு மியூர் பனிவெளியில் ஏறி, மேலே ஒரு ராத்திரி கூடாரம், மறுநாள் ஸ்கீயில் இறக்கம். ரிசார்ட்டில் நடுத்தரச் சரிவுகள் இருவருக்கும் பழக்கம். ஸ்கீயின் அடியில் ஸ்கின் (வழுக்காமல் ஏற உதவும் பட்டை) ஒட்டி ஏறுவதும் தெரியும், ஆனால் குளிர்காலத்தில் மட்டும்.

1. அந்த நேரத்தில் ஸ்கின், ஸ்கீ கிராம்பான் (ஸ்கீயில் மாட்டும் பல்தகடு) எல்லாம் தேவையா?
2. காலையில் எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்கினால் பனி நன்றாக இருக்கும்?
3. கூடாரம், தண்ணீர், கேஸ் எவ்வளவு?

மேற்குச்சரிவு

இரண்டாவது கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. காலையில் இறங்காதீர்கள்.

ஆகஸ்ட் கடைசியில் அங்கே இருப்பது வசந்தகாலத்து வழவழப்பான பனி அல்ல, சன்கப். வெயில் தின்று தின்று பனி முழுக்கக் குழிகள்: பணியாரக்கல்லைப் பெரிதாக்கி மலைமேல் விரித்த மாதிரி. குழிக்கும் குழிக்கும் நடுவே கூரான வரப்பு. வானம் தெளிவாக இருந்தால், காற்றில் உறைகுளிர் இல்லாவிட்டாலும் ராத்திரியில் பனியின் மேல்பரப்பு சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு இறுகிவிடும். காலை 8 மணிக்கு அந்த வரப்பு ஒவ்வொன்றும் கல். ஸ்கீ தடதடவென்று அதிரும், முழங்கால் போய்விடும்.

சரிவு தெற்கு பார்த்தது. வரப்பின் முனை 11 மணிவாக்கில் இளகத் தொடங்கும். பகல் 1 முதல் 3 வரை ஸ்கீ அதை வெட்டிக்கொண்டு போகும். வெயில் சாய்ந்ததும் மறுபடி இறுகும். நாள் முழுக்க மேகமூட்டமாக இருந்தால் இளகவே இளகாது. அன்றைக்கு ஸ்கீயைத் தோளில் போட்டு நடந்து இறங்குவதே மேல்.

சரிவு சராசரியாக 14, 15 டிகிரிதான். செங்குத்து பயமில்லை, பரப்புதான் பிரச்சினை. வேகத்தைக் குறைத்து, கணுக்காலை இளக்கமாக வைத்து, திருப்பத்தை வரப்பின் உச்சியில் போடுங்கள். குழிக்குள் திருப்பினால் ஸ்கீயின் முனை மாட்டும். சில இடங்களில் உருகிய நீர் ஓடி, மேலிருந்து கீழாக நீளவாய்க்கால் விழுந்திருக்கும். அதன் போக்கிலேயே போனால் சுகம், குறுக்கே போனால் கவிழ்த்துவிடும்.

ஸ்கின் விஷயம்: வேண்டாம் என்பேன். சன்கப்பில் ஸ்கீ ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்குப் பாலம் போட்டு நிற்கும். நடுவில் ஸ்கின் பனியைத் தொடாது, பிடிப்பு எங்கிருந்து வரும்? ஈரமும் தூசியும் பசையில் ஏறினால் அந்த ஸ்கின் அடுத்த குளிர்காலத்துக்கும் உதவாது. சாதாரண ட்ரெயில் ஷூவில் நடந்து ஏறுங்கள், உறைந்த இடத்துக்கு மைக்ரோஸ்பைக் (ஷூமேல் மாட்டும் சிறு முட்சங்கிலி) போதும். பாரடைஸ் 1,650 மீட்டர். வழியிலுள்ள ஓடை பெபிள் க்ரீக் ஏறக்குறைய 2,200. அதுவரை பெரும்பாலும் கல்லும் மண்ணும்தான். ஸ்கீ, பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைப்பது), பூட்ஸ் சேர்த்து 6, 7 கிலோ முதுகில் ஏறும் என்பதை மனதில் வைத்து மற்ற மூட்டையைக் கட்டுங்கள்.

ஸ்கீ பழசாகவே இருக்கட்டும், கல்லில் உரசாமல் வராது. இடுப்பகலம் (ஸ்கீயின் நடு அகலம்) 90 முதல் 100 மி.மீ. இருந்தால் குழிக்குள் புதையாது. வெயில்காலத்துக்கான மெழுகு தடவாமல் போனால் அழுக்குப் பனி பிடித்து இழுக்கும்.

அடுப்படி

மூன்றாவது கேள்விக்கு நான்.

அனுமதி முதலில்: பகலிலேயே போய் வந்தால் வேண்டாம், ராத்திரி தங்கினால் வனப்பகுதிப் பெர்மிட் கட்டாயம். வாங்கும்போதே மலம் கட்டிவர நீலப்பையும் கேட்டு வாங்குங்கள். மேலே கழிப்பறை பனிவெளியின் உச்சியிலுள்ள கேம்ப் மியூரில்தான் உண்டு, பனிவெளியில் கிடையாது. தீ மூட்டக் கூடாது. கூடாரம் பனிமேல் அல்லது ஏற்கெனவே கூடாரம் போட்ட வெறும் கல்தரையில். செடி முளைத்த இடத்தில் கூடவே கூடாது.

மேடை வெட்டுவதை மாலை 5 மணிக்குள் முடியுங்கள். அப்போது பனி இளக்கம்: மண்வெட்டியால் வரப்பைச் சீவி, குழியில் தள்ளி, மிதித்தால் அரை மணியில் தரை சமம். வெயில் போனபின் தொடங்கினால் மண்வெட்டி துள்ளும், ராத்திரி முழுக்க முதுகில் வரப்பு குத்தும். சாதாரண முளை வைக்காதீர்கள். உலோகம் வெயிலில் சூடாகி, சுற்றிலும் பனியை உருக்கி, மதியம் தானே கழன்றுவிடும். சாக்குப் பையில் பனி அடைத்து, கயிறு கட்டி, 30, 40 செ.மீ. ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். கூடாரக் கயிற்றை அதில் இழுத்துக் கட்டுங்கள். மறுநாள் பகலில் எங்காவது போவதானால் கூடாரத்தை மடக்கி வையுங்கள். அடியில் நிழல் விழுந்த பனி மட்டும் உருகாமல் திண்ணை மாதிரி நிற்கும், ஓரமெல்லாம் இறங்கிவிடும். ஒரு காற்று போதும்.

கேஸ் கணக்கு: 1 லிட்டர் பனியை உருக்க மட்டும் 15 கிராம், உருக்கிக் கொதிக்கவைக்க 30 கிராம். இரண்டு பேருக்கு 6 லிட்டர் என்று வையுங்கள். பாதியைக் கொதிக்கவைத்து, பாதியை உருக்கி நீர் சுத்திகரிப்பு மாத்திரை போட்டால் 135 கிராம் ஆகும். காற்றடித்தால் இன்னும் கூடும். 230 கிராம் டப்பா ஒன்று எடுங்கள். மாத்திரை குளோரின் டையாக்சைடு என்றால் குளிர்ந்த நீரில் 4 மணி நேரம் விடவேண்டும்.

வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டால் அடிபிடித்துக் கருகிய வாடை வரும். அடியில் ஒரு கை தண்ணீர் விட்டுப் பிறகு பனி. இளஞ்சிவப்பாகத் தெரியும் பனி பாசி. அதை ஒதுக்கி ஒரு சாண் தோண்டி வெள்ளையாக எடுங்கள்.

சோறு வடிக்கும் ஆசை வேண்டாம். 3,100 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி நடுவில் நறுக்கென்றே இருக்கும், கேஸ்தான் தீரும். அவல், வறுத்த சேமியா போதும்.

கைகாட்டி

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஒன்றை மறுக்க வேண்டும்.

சேர்ப்பது: ஸ்கீ நன்றாக ஓடும் அதே மதிய வேளையில்தான் பனிப்பிளவுகளின் மேல்மூடியும் பலவீனம். மியூர் பனிவெளியில் பிளவே இல்லை என்று ஜூலையில் போனவர்கள் சொல்வார்கள். கோடை முடிவில் மேல்பாதியில் திறக்கும். ஏறும்போதே ஒவ்வொன்றையும் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். கருத்த கோடு, லேசாக உள்வாங்கிய நீளப்பள்ளம் இரண்டும் அடையாளம். இறங்கும்போது ஏறிய தடத்தை ஒட்டியே வாருங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் புதுப்பனி ஒரு விரற்கடை விழுந்தாலும் குழி, பிளவு எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். கேம்ப் மியூரைத் தாண்டினால் கௌலிட்ஸ் பனியாறு; கயிறும் பயிற்சியும் இல்லாமல் அங்கே கால் வைக்க வேண்டாம்.

மேகம் இறங்கினால் இன்னும் மோசம். மேற்கே தவறினால் நிஸ்குவாலி பனியாறு, கிழக்கே தவறினால் பாரடைஸ் பனியாறு. சரிவு போகும் போக்கில் விட்டால் தானாக வழி வரும் என்று நம்பாதீர்கள். பதிவான தடம், திசைகாட்டி, உயரமானி மூன்றும் வேண்டும். பத்தடி தெரியவில்லையா, கூடாரத்திலேயே இருங்கள். அதற்காகவே ஒரு நாள் உணவு கூடுதலாக.

மறுப்பது: மைக்ரோஸ்பைக் காலை 7 மணிச் சரிவில் போதும் என்பது லேசான மூட்டைக்குத்தான் பொருந்தும். 18 கிலோவோடு என்றால் காலில் மாட்டும் பத்துமுனைக் கிராம்பான் எடுங்கள். ஸ்கீ கிராம்பானை விட்டுவிடலாம், அது வரப்பின் உச்சியை மட்டுமே கடிக்கும்.

ரெட்மண்ட்வாசி

நன்றி. அப்படியானால் மேலே 3,000 மீட்டரில் தங்குவதா, பெபிள் க்ரீக் பக்கமா? மறுநாள் மதியம்வரை காத்திருக்க வேண்டுமே.

மேற்குச்சரிவு

வானிலை தெளிவு என்றால் மேலே. முதல் நாள் 2 மணிக்குள் போய்ச் சேர்ந்தால் கனத்த மூட்டையை வைத்துவிட்டு மேல் 300 மீட்டரை ஒருமுறை இறங்கி ஏறலாம். பிளவு எங்கே என்பதும் தெரிந்துவிடும். பூட்ஸின் உள்ளுறை நனைந்திருக்கும். ராத்திரி தூக்கப்பைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் கால் நுழையாது.

கைகாட்டி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று பலமாக அடிக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் கீழேயே தங்குங்கள்.

அடுப்படி

காத்திருக்கும் நேரத்தில் கருப்புப் பையில் பனியை அள்ளிக் கல்மேல் பரப்புங்கள். மதியத்துக்குள் இரண்டு லிட்டர் இலவசம். மூக்குத்துவாரத்துக்கும் தாடைக்கு அடியிலும் சன்ஸ்க்ரீன் தடவ மறக்காதீர்கள், வெயில் கீழிருந்தும் வரும்.