சென்னையில் ரேட் குறைவு, ஆனாலும் சரக்கைத் திருச்சிக்கு மாற்றினேன்

ஒட்டன்சத்திரம் முருங்கை:

முருங்கை, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வாழை இலை. வாரம் இரண்டு தடவை விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்புகிறேன். முதல் ஒன்றரை வருடம் எல்லாமே சென்னை வழியாகத்தான் போனது. விமானச் சரக்கு ஏஜென்ட் கொடுத்த ரேட்டில் திருச்சியைவிடச் சென்னை கிலோவுக்குச் சில ரூபாய் குறைவு. அதில் பொய் எதுவும் இல்லை. சென்னையில் பெரிய விமானங்கள் வந்து போகின்றன, கம்பெனிகளும் அதிகம், போட்டி இருக்கிறது. திருச்சியில் இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று போவதெல்லாம் ஏ320, போயிங் 737 ரகச் சின்ன விமானங்கள். பயணிகள் பெட்டி போக மிச்சம் இருக்கும் இடம்தான் நமக்கு.

ஒரு சித்திரை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் பறித்து, மதியம் கட்டி, சாயங்காலம் வண்டி ஏற்றினோம். விழுப்புரம் தாண்டி டயர் போய்விட்டது. மீனம்பாக்கம் விமான நிலையச் சரக்கு ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய விமானத்துக்குச் சரக்கு வாங்கும் கட் ஆஃப் நேரம் முடிந்திருந்தது. சரக்கு மறுநாள் விமானத்துக்குத்தான் என்றார்கள். கறிவேப்பிலைப் பெட்டி ஒன்றைத் திறந்து நடுவில் கையை விட்டேன். அடுப்பில் இருந்து அப்போதுதான் இறக்கிய பானைக்குள் கை விட்டது போல இருந்தது. பறித்த பிறகும் இலை மூச்சு விடும், அந்தச் சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் இலையே வெந்துவிடும். மேலே பச்சையாக இருந்தது, நடுவில் எல்லாம் கறுத்துவிட்டது. அன்றைக்கு ஷெட் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பில்களை எல்லாம் எடுத்துப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். வண்டி வாடகை, டோல், டிரைவர் பேட்டா, ஷெட்டில் கூடுதலாகக் கிடந்த நாளுக்கான கட்டணம், சிங்கப்பூர் போனபின் கெட்டுப்போனது என்று கழித்தது. மொத்தச் செலவை அனுப்பிய கிலோவால் வகுக்காமல் அங்கே விற்ற கிலோவால் வகுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, சென்னை எனக்கு ஒருநாளும் மலிவாக இருந்ததில்லை. எங்கள் ஊரில் இருந்து சென்னை 450 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். திருச்சி அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று பைட்டோ சான்றிதழ் தரும் பிளான்ட் குவாரன்டைன் நிலையமும் திருச்சியிலேயே இருக்கிறது. காலையில் பறித்த காய் அன்று ராத்திரியே விமானம் ஏறிவிடுகிறது.

மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 737 விமானத்தின் வயிற்றுக்குள் கன்டெய்னர் போகாது. ஆட்கள் உள்ளே முட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் கைமாற்றி அடுக்குகிறார்கள். அதனால் பெட்டி கையடக்கமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். முன்பு முருங்கைக்கு 60×40×40 சென்டிமீட்டர் பெட்டி வைத்திருந்தேன். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுத்தால், பெட்டி அடைக்கும் இடத்துக்கான எடை 16 கிலோ வரும். உள்ளே இருந்த காய் 12 கிலோதான். எது அதிகமோ அதற்குத்தான் பணம், ஆக ஒவ்வொரு பெட்டியிலும் 4 கிலோ காற்றுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றிக் கட்டி, உயரத்தை 30-க்குக் கொண்டுவந்துவிட்டேன். 60×40×30 என்றால் சரியாக 12 கிலோ. ஏஜென்டிடம் பேரம் பேசிக் குறைத்ததைவிட இதில் மிச்சமானதுதான் அதிகம்.

ஒரே பயம் ஆஃப்லோடு. பொங்கலுக்கு முந்தின வாரம் பயணிகள் லக்கேஜ் நிறைந்து, என் சரக்கில் பாதியை இறக்கிவிட்டார்கள். எந்த விமானக் கம்பெனி என்பது வேண்டாம், பண்டிகை நேரத்தில் யாரிடமும் நடக்கக்கூடியதுதான். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பனியன் ஊர்க்காரன்:

அண்ணே, காய்கறிக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. துணிக்கு வேறு கதை. நான் திருப்பூர். கோவை விமான நிலையம் எங்களுக்கு ஒரு மணி நேரம், அதனால் எதுவானாலும் கோவைதான் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு ஐரோப்பிய ஆர்டர் தையலிலேயே தாமதமாகி, கப்பலில் விட நேரம் இல்லாமல் ஏரில் அனுப்ப வேண்டி வந்தது. அட்டைப்பெட்டிகளை மரப் பேலட்டில் ஆள் உயரத்துக்கு அடுக்கி, ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றி, அழகாகக் கொண்டுபோய் இறக்கினோம். ஷெட்டில் இருந்த பெரியவர் டேப்பை எடுத்து ஒரு தடவை அளந்துவிட்டு, "தம்பி, இது இங்கிருந்து பறக்கிற எதிலும் நுழையாது" என்றார். பேலட்டைப் பிரித்து, சின்ன விமானத்தில் ஷார்ஜா வரை விட்டு அங்கிருந்து மாற்றுவதா, இல்லை லாரியில் கொச்சிக்கோ சென்னைக்கோ கொண்டுபோய்ப் பெரிய விமானத்தில் ஏற்றுவதா என்று வாசலில் நின்றுகொண்டே முடிவு எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அன்றைக்குத் தெரிந்துகொண்டதுதான் பாண்டட் டிரக். கஸ்டம்ஸ் வேலையைக் கோவையிலேயே முடித்து, லாரியை சீல் வைத்து அனுப்புவார்கள். பெரிய விமான நிலையத்தில் திரும்பப் பெட்டியைத் திறக்கிற வேலை இல்லை, விமானச் சரக்குக்கான ரசீதான ஏர்வே பில்லும் கோவையில் இருந்தே போடப்படும். துணி இரண்டு நாள் லாரியில் இருந்தாலும் கெடாதே. அதனால் இப்போது சாம்பிள், சின்ன பார்சல் எல்லாம் கோவை. மொத்தமாகப் போவது பாண்டட் டிரக்கில் கொச்சி, சில நேரம் சென்னை. எது குறைவு என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் முடிவு பண்ணுகிறேன்.

தேக்கா அக்கா:

நான் சரக்கை வாங்குகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் எங்களுக்குக் காய்கறிக் கடை. எந்த ஊர் வழியாக வந்தது என்று எனக்கு ஏர்வே பில்லைப் பார்க்க வேண்டியதே இல்லை, பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிடும். வாழை இலையை விரித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் பழுப்புக் கோடு இருக்கும். சென்னை சுற்றி வந்தது என்றால் அந்தக் கோடு விரல் அகலம். திருச்சியில் இருந்து நேராக வந்ததில் பென்சில் கோடு மாதிரி மெல்லிசாக இருக்கும்.

ஒரு விஷயம் தம்பி. பாதிச் சரக்கு ஆஃப்லோடு ஆனால் உடனே எனக்கு போன் பண்ணச் சொல்லுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை. இங்கே ஒவ்வொரு சரக்குக்கும் முன்கூட்டியே இறக்குமதி பெர்மிட் எடுத்துத்தான் காத்திருக்கிறோம். நூறு பெட்டிக்கு எடுத்த பெர்மிட்டில் ஐம்பது வந்து நின்றால் காகிதத்தைச் சரிசெய்வதற்குள் அந்த ஐம்பதும் வாடிவிடும். போன பொங்கலுக்கு ஒருவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கடையில் இலை இல்லாமல் ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். வருத்தமாக இருந்தது.

நிலக்கோட்டை மல்லி:

எனக்கு மல்லிகைப்பூ. தெர்மாகோல் பெட்டியில் ஜெல் ஐஸ் வைத்து 25, 30 கிலோதான் வரும். மதுரை பக்கத்தில் இருக்கிறது, திருச்சி கொஞ்சம் தூரம். எதைப் பிடிப்பது?

ஒட்டன்சத்திரம் முருங்கை:

அக்கா, அந்த போன் விஷயத்தை இத்தனை நாள் நான் யோசிக்கவே இல்லை. இனிமேல் லோடிங் முடிந்ததும் எத்தனை பெட்டி ஏறியது என்று கேட்டு உங்களுக்குச் சொல்லாமல் தூங்க மாட்டேன்.

மல்லித் தம்பி, தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் அனுப்பும் ஊருக்கு அங்கிருந்து வாரத்தில் எத்தனை நாள் நேர் விமானம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பூவுக்கு ஒரு நாள் தள்ளிப்போனாலே மொட்டு எல்லாம் விரிந்துவிடும். அப்புறம் ஏஜென்டிடம் ரேட் கேட்கும்போது கிலோ விலையோடு நிறுத்தாதீர்கள். ஃபியூயல் சர்சார்ஜ், எக்ஸ்ரே, டெர்மினல் கட்டணம், ஏர்வே பில் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தமாக எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் சரக்கு சின்னதாக இருந்தாலும் ஏர்வே பில் கட்டணம் அதேதான், 30 கிலோவின் தலையில் அது பெரிய சுமை. பக்கத்தில் பூ அனுப்புகிறவர் யாராவது இருந்தால் ஒரே பில்லில் இரண்டு பேர் சரக்கையும் சேர்த்துப் போட முடியுமா என்று கேளுங்கள். தெர்மாகோல் பெட்டியின் அளவையும் சொல்லுங்கள், 6000-ஆல் வகுத்துப் பார்த்துவிடலாம். பூவுக்கு எடை குறைவு, அதனால் உங்கள் காசு முழுக்கப் பெட்டியின் உயரத்தில்தான் போகிறது என்று நினைக்கிறேன்.