முதல் பேஸ் கிட்டார்: பி பேஸா, ஜாஸ் பேஸா?

வணக்கம். பத்து வருடமாக சாதா கிட்டார்தான் வாசிக்கிறேன், இப்போது பேஸுக்கு மாறலாம் என்று ஆசை. காரணம் இளையராஜா பாட்டுகள்தான், ஹெட்போனில் கேட்கும்போது அவர் குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் பேஸ் தனியாக ஒரு பாட்டையே பாடிக்கொண்டு போகிறது, அதற்கப்புறம் வேறு எதுவும் காதில் ஏறமாட்டேன் என்கிறது.

ஒரு கடையில் பிரிசிஷன் (அதாவது பி பேஸ்) மாதிரி ஒன்றும் ஜாஸ் பேஸ் மாதிரி ஒன்றும் வாசித்துப் பார்த்தேன். இரண்டும் 34 அங்குல ஸ்கேல், அதாவது அதிரும் கம்பியின் நீளம். ஜாஸின் கழுத்து நட் பக்கம் (தலைப்பக்க முனையில்) ஒல்லி, என் சின்னக் கைக்கு சுகமாக இருந்தது. ஆனால் அதன் இரண்டு பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) ஒன்றின் வால்யூமைக் குறைத்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல். இரண்டையும் முழுதாக வைத்தால் நின்றுவிடுகிறது, சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் அப்படித்தானாம். எங்கள் வீட்டு எர்த்திங் லட்சணத்துக்கு இது ஒத்துவருமா? பி பேஸில் அந்தத் தொல்லை இல்லை, மோட்டவுன் பாட்டுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை விரலால் வாசித்த அந்த உருண்டையான சத்தமும் அதில்தான். ஜாஸ் பேஸ் வாசித்த ஜாக்கோ பஸ்டோரியஸைக் கேட்டால் மனசு மறுபடி ஜாஸ் பக்கம் சாய்கிறது, என்ன செய்வது!

30 அங்குல ஷார்ட் ஸ்கேல் வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா, இ கம்பி தொளதொளவென்று இருக்குமா? ஃபிளாட்வவுண்ட் கம்பி (தட்டையாகச் சுற்றிய வழவழப்பான கம்பி) புதியவன் விரலுக்குக் கடினமா? வாசிப்பது அபார்ட்மெண்டில், அதனால் ஆம்ப் வேண்டுமா அல்லது கம்ப்யூட்டரில் கிட்டாரை இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் ஹெட்போனும் போதுமா என்றும் சொல்லுங்கள். பட்ஜெட் 25,000 ரூபாய், பழையது என்றாலும் சரி.