சொல்லிச் சொல்லியும் பலனில்லை: என் அணுகுமுறையில் என்ன குறை?

கேள்வி (சுகாதாரத் தன்னார்வலர், கிருஷ்ணகிரி மாவட்டம்):
வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுத்து வருகிறேன். ஓர் அம்மாவிடம், சோற்றைக் குறையுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று நான்கு மாதங்களாகச் சொல்கிறேன். "சரிம்மா" என்கிறார், ஆனால் சர்க்கரை இறங்கவில்லை, மாத்திரை அட்டைகளும் பாதி மீதமிருக்கின்றன. இன்னும் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் (பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்):
ஒருமுறை எதுவும் சொல்லாமல், "மாத்திரையை எப்போது போடுகிறீர்கள், போட்டால் உடம்புக்கு எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருங்கள் அம்மா. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒருவரிடம் அப்படிக் கேட்டபோதுதான், அவர் விடியற்காலையில் வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய், பதினோரு மணிவாக்கில் கை நடுங்கிக் கண் இருட்டியதால் பயந்துபோய் அதை நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த மாத்திரையை நாளின் முதல் வேளைச் சாப்பாட்டோடு போட வேண்டும்; வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். அதுவரை நான் உணவுப் பட்டியலையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மாமியாரோ மகனோ அருகில் இருந்தால் பலர் வாய் திறக்கமாட்டார்கள்; திண்ணையில் தனியே அமர்ந்து கேளுங்கள்.

பதில் (குடும்ப மருத்துவர்):
செவிலியர் அம்மா சொல்வது முற்றிலும் சரி. நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர்கள் குறுக்கிட்டுவிடுவதாக 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதைப் படித்த பிறகு என் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். நடுக்கம், வியர்வை என்று அவர் சொன்னால், அறிவுரையோடு நிறுத்தாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தெரிவியுங்கள். விளக்கம் சொன்ன பிறகு, "வீட்டில் எப்படிச் செய்வீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்டால், நாம் தெளிவாகச் சொன்னோமா என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று அந்த அம்மாவிடம் தனியே கேட்டேன். பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்ட அவருடைய அண்ணன் டயாலிசிஸில் இருக்கிறாராம். மாத்திரைதான் அண்ணனின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று நம்பி, இந்த அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறார். கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதை, அந்த அண்ணனைப் பற்றியே பேசி விளக்கினேன். சிறுநீரகப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் என்னுடன் வருவதாக அவரே சொன்னார்.