வால்வில் கிருமி: 6 வாரமும் ஊசிதானா?

தாமரைக்குளம்:
அப்பாவுக்கு இதயத்தின் மிட்ரல் வால்வில் கிருமித் தொற்று. இன்றோடு 14 நாளாக நரம்பில் ஆன்டிபயாடிக். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் 6 வாரம் முடியாமல் டிஸ்சார்ஜ் இல்லையாம். மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்குழாயைக் குத்த நரம்பே அகப்படுவதில்லை. டென்மார்க்கில் 400 பேரை வைத்து நடந்த போயட் ஆய்வு 2018-லேயே வந்துவிட்டது. குறைந்தது 10 நாள் ஊசி போட்டுத் தேறியவர்களில் பாதிப் பேரை மாத்திரைக்கு மாற்றினார்கள். மரணம், திடீர் ஆபரேஷன், மறுபடி தொற்று போன்றவை ஊசிக்காரர்களில் 12.1 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 9 சதவீதம். இங்கே மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

பழைய ஸ்டெத்:
வால்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஃபைப்ரின் என்ற ரத்தத்தை உறையவைக்கும் நாரும் தட்டணுவும் சேர்ந்து வால்வில் படியும் திட்டுக்குள் கிருமி பதுங்கிக் கிடக்கும். வெள்ளணுக்கள் அங்கே எளிதில் எட்டாது. காய்ச்சல் விட்டதும் திட்டு சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெனிசிலின் வருவதற்கு முன் இதில் பிழைத்தவர்களே அபூர்வம்.

தாமரைக்குளம்:
இது டென்மார்க் டாக்டர்களுக்குத் தெரியாதா, சார்? 5 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் மாத்திரைக்காரர்கள் மோசமாக இல்லையே.

பழைய ஸ்டெத்:
முழுசாகப் படியுங்கள் தம்பி. கிட்டத்தட்ட 2,000 பேரைப் பரிசோதித்துத்தான் அந்த 400 பேரை எடுத்தார்கள். மாற்றுவதற்கு முன் உணவுக்குழாய் வழியே எக்கோ ஸ்கேன். அப்புறம் இரண்டு வகை மாத்திரை, வாரத்துக்கு இரண்டு மூன்று செக்கப். எல்லாவற்றையும்விட, கல்ச்சரில், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி இன்னதென்று தெரிந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். நம் ஊரில் ஜுரம் என்றால் மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள். பிறகு கல்ச்சரில் என்ன முளைக்கும்?

வார்டு ஏழு:
ஊசி மட்டும் சாதுவா? ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டதில் என் அக்காவுக்கு கிரியாட்டினின் ஏறி, சிறுநீரகம் பாதித்துவிட்டது. ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதலே 2023-ல் தகுந்தவர்களுக்கு மாத்திரையை ஏற்றுக்கொண்டது. யார் தகுந்தவர் என்று பார்க்காமலே 'முடியாது' என்று சொல்லிவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. தாமரை, நரம்பு அகப்படாவிட்டால் பிக் லைன் (கை நரம்பு வழியே இதயத்தருகே வரை செலுத்தி, வாரக்கணக்கில் விட்டுவைக்கும் குழாய்) போடச் சொல்லிக் கேளுங்கள்.

தாமரைக்குளம்:
ஃபைலைப் புரட்டினேன். மூன்று கல்ச்சரிலும் 'வளர்ச்சி இல்லை'. காய்ச்சல் ஆரம்பித்த வாரம் மெடிக்கலில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான்தான். காலை ரவுண்ட்ஸில் அதைச் சொல்லிவிட்டு, பிக் லைன் பற்றிக் கேட்கிறேன். மாத்திரை பற்றியும் கேட்கத்தான் போகிறேன், சார்.