புல்லு வந்தால்தான் பந்து உருளுமா?

பழைய கோல்கீப்பர்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "நல்ல புல்தரை இல்லாமல் எந்தச் சின்னத் தீவும் உதைபந்தாட்டத்தில் தலையெடுக்காது. ஃபரோ தீவுகள் 1990இல் ஒஸ்திரியாவைச் சொந்த மைதானத்தில் வென்றதைப் பாருங்கள்." வாசித்ததும் தேத்தண்ணி புரைக்கேறியது. அந்த மட்ச் நடந்தது சுவீடனில், லாண்ட்ஸ்க்ரூனாவில். ஃபரோவில் அப்போது சர்வதேசப் போட்டிக்குத் தகுந்த புல்தரையே கிடையாது!

உப்புவெளி10: எழுதியது நான்தான் அண்ணா, பெயரைச் சொல்லியே திட்டலாம். அட்டவணையில் அது ஃபரோவின் ஹோம் மட்ச். போய்ப் பாருங்கள்.

பழைய கோல்கீப்பர்: அட்டவணையிலா பந்து உருண்டது? லாண்ட்ஸ்க்ரூனா தம்பி, சுவீடன்! 1:0. கோல் அடித்தவர் டொர்கில் நீல்சன். கோல்கீப்பர் குட்னுசன் கம்பளித் தொப்பியோடு நின்றார். அப்போது ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத நாடு அது. ஆனால் லீக் 1942இலிருந்து நடக்கிறது. முதலில் லீக், புல்லு அப்புறம். நான் சொல்வது இவ்வளவுதான்.

கிண்ணியா லெப்ட் விங்: எங்கட கிண்ணியாவில் மட்டும் அதைவிடக் கூட ஆட்கள் இருக்கிறார்கள். வருசம் முழுக்க லீக் இருக்கிறதா? ஒரு நொக்அவுட், ஒரு கோப்பை, ஒரு பிரதம விருந்தினர், மாலை. தோற்றவனுக்கு அடுத்த மட்ச் ஆறு மாதம் கழித்து.

உப்புவெளி10: மாலைத்தீவைப் பாருங்கள். 2008, 2018 இரண்டு தடவையும் இந்தியாவை வென்று தெற்காசியக் கோப்பை எடுத்தார்கள். மாலேயில் மைதானம் இருந்தது, எடுத்தார்கள்.

பழைய கோல்கீப்பர்: 2008 இறுதி எங்கே நடந்தது தெரியுமா? கொழும்பில்! 2018 டாக்காவில்! இதையும் சொந்த மைதானம் என்பீர்களோ? இலங்கைக்காரர் நாங்கள் அந்தக் கோப்பையைக் கடைசியாகத் தொட்டது 1995இல். அப்போதும் கொழும்பில் மைதானம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2023இல் பீஃபா எங்களை இடைநிறுத்தியது புல்லு காய்ந்ததாலா?

நிலாவெளி நண்டு: ஐஸ்லாந்து உள்ளரங்கு மைதானம் கட்டிய பிறகுதானே 2016இல் இங்கிலாந்தைக் கவிழ்த்தது? அதைப் பற்றி மூச்சே இல்லை.

பழைய கோல்கீப்பர்: பயிற்றுநர்களைப் படிக்கவைத்ததையும் சேர்த்துச் சொல்லும். நான் கேட்டது லாண்ட்ஸ்க்ரூனா.

உப்புவெளி10: ஹோம் மட்ச் ஹோம் மட்ச்தான். திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் மழைக்குப் பிறகு காலை வைத்துப் பாருங்கள், கணுக்கால் வரை சேறு. அதில் எந்தப் பிள்ளை பாஸ் பழகும்? தூக்கி அடிக்கத்தான் பழகும்.

கிண்ணியா லெப்ட் விங்: சேறு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மைதானத்தில்தான் எங்கட கோலை ஓப்சைட் என்றார்கள். கொடி பிடித்தவர் நகரத்து அணிக்காரரின் மச்சான்.

உப்புவெளி10: ஆரம்பித்துவிட்டார். அது ஓப்சைட்தான். இரண்டு அடி.

கிண்ணியா லெப்ட் விங்: இரண்டு அடியா? நீங்கள் கடலை வாங்கக் கடைக்குப் போயிருந்தீர்கள்!

நிலாவெளி நண்டு: கோல்கீப்பர் ஐயாவின் கழகத்தில் பதினைந்து வயதுக்குக் கீழ் அணியே இல்லை. லீக் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

பழைய கோல்கீப்பர்: அணி இருந்தது. பந்து வாங்கக் காசு கேட்டேன், செயலாளர் பதாகை அடித்தார். அது வேறு கதை. உப்புவெளித் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. லாண்ட்ஸ்க்ரூனா எந்த நாட்டில் இருக்கிறது?

உப்புவெளி10: ஹோம் மட்ச்.