கோரஸ்: ‘பாடற்குழு’வுக்கு மாற்றாக ‘ஆடுகளத்தார்’

அன்புடையீர்,

கிரேக்கத் துன்பியல் நாடகங்களின் கோரஸுக்கு, அதாவது நிகழ்வுகளைக் கண்டு ஒரே குரலாகப் பாடியும் பேசியும் நிற்கும் குழுவுக்கு, தமிழில் ‘பாடற்குழு’ என்பதையே நிலைநிறுத்தலாம் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. நாடகத்தை அச்சில் படிப்பவருக்கு அச்சொல் போதுமானதாக இருக்கலாம். ஏதென்சின் அக்ரோபொலிஸ் குன்றுடைய தெற்குச் சரிவில், தியோனிசஸ் அரங்கில் அந்நாடகங்கள் நிகழ்ந்த முறையை அறிய விரும்பும் மாணவருக்கு அது பாதியை மறைத்துவிடுகிறது. அங்கே அக்குழுவினர் முகமூடி அணிந்து, ஆவ்லோஸ் என்னும் குழல் ஒலிக்க, பாடிக்கொண்டே ஆடினார்கள்.

மாற்றாக ‘ஆடல்பாடல் குழு’ என்றால் நம் ஊர்த் திருவிழா மேடைதான் நினைவுக்கு வரும். ‘குரவை’ அழகான சொல். எனினும் ஆய்ச்சியர் குரவையில் மகளிர் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள், துன்பியல் கோரஸோ ஐவர் ஐவராக மூன்று வரிசையில் நின்றதாகப் பழங்குறிப்பு சொல்கிறது.

அவர்கள் ஆடிய தரையிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். அதன் பெயரான ஓர்கேஸ்திரா, ‘ஆடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. அதற்கு ‘ஆடுகளம்’ அப்படியே பொருந்துகிறது. குறுந்தொகை 31ஆம் பாட்டில் ஆதிமந்தியார், துணங்கைக் கூத்து நிகழும் சூழலில், தம்மை ‘ஆடுகள மகள்’ என்று சொல்லிக்கொள்கிறார். ஆகவே கிரிக்கெட் வருணனைக்கு முன்பே இச்சொல் கூத்துக்கு உரியதாக இருந்தது. களம் ‘ஆடுகளம்’ ஆனால், அதில் நிற்போர் ‘ஆடுகளத்தார்’. ஊரார், அவையத்தார் என்பவற்றைப் போல, ஒரு கூட்டம் ஒரே குரலாகப் பேசும் தன்மையும் இதில் வந்துவிடுகிறது.

இடத்தை வைத்துப் பெயரிடுவது ஏன் தகும் என்பதற்குக் கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் ‘அகமெம்னோன்’ நாடகமே சான்று. அரண்மனைக்குள் மன்னன் வெட்டுண்டு அலறுகிறான். வெளியே ஆர்கோஸ் நகர முதியோரான கோரஸ், உள்ளே பாய்வதா, பொறுத்திருப்பதா என்று ஆளுக்கு இரண்டு அடியாகப் பன்னிரண்டு முறை பேசித் தடுமாறுகிறது. கோரஸ் அப்போது, பின்னாளைப் போல 15 அல்லாமல், 12 பேர் கொண்டது என்று அறிஞர் கருத இப்பகுதியும் ஒரு காரணம். எவரும் உள்ளே போவதில்லை. பிறகு பிணங்கள்தாம் அவர்கள் கண்முன் காட்டப்படுகின்றன. நடிகர் வாயிலைக் கடந்து போய்வருவார். கோரஸ் களத்திலேயே நின்று காணும். (‘யூமெனிதிஸ்’ போன்ற சில நாடகங்களில் நடுவே களத்தை விட்டு வெளியேறுவது விதிவிலக்கு.) ‘பாடற்குழு’ என்று எழுதினால், செயலற்று நிற்கும் அந்தத் தவிப்பு வெறும் இசை இடைவேளையாகத் தோன்றிவிடும் என்பதே என் கவலை.

குழுவின் தலைவரை ‘ஆடுகளத் தலைவர்’ எனலாம். பாரோதோஸ் என்ற ஒரே சொல் பக்கவாட்டு நடைவழியையும் அதன்வழி நுழைகையில் பாடும் பாட்டையும் குறிப்பதால், முன்னதைப் ‘புகுவழி’ என்றும் பின்னதைப் ‘புகுபாட்டு’ என்றும் பிரித்தாளலாம். ‘ஆடுகளத்தார்’ என்பதில் பாடலுக்கு நேரடிக் குறிப்பு இல்லை என்பது உண்மையான குறை. அதைச் சொல்லை நீட்டாமல் தீர்க்க வழி தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.