சின்ன கராஜுக்கு எந்த வேக்குவம்? கொஞ்ச நேரத்திலேயே இழுவை குறைந்துவிடுகிறது

கேள்வி:
வணக்கம். ஒரு கார் நிற்கும் அளவு கராஜில் மரவேலை செய்கிறேன். டேபிள் சா (மேசை ரம்பம்), ஆர்பிட்டல் சாண்டர் (மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷின்), எப்போதாவது ரவுட்டர் (மரத்தில் பள்ளம் வெட்டுவது), இவ்வளவுதான். இருப்பது 20 லிட்டர் வெட் அண்ட் டிரை வேக்குவம். போட்டவுடன் நன்றாக இழுக்கிறது, சாண்டரில் மாட்டிக் கொஞ்ச நேரம் ஓட்டினால் இழுவை பாதியாகிவிடுகிறது, ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் மறுபடி சரி. டிரம்மோ கால்வாசிகூட நிறைந்திருக்காது. பெரிய மோட்டாராக வாங்கலாமா, இல்லை மரத்தூளை இழுக்கவென்றே இருக்கும் டஸ்ட் கலெக்டருக்கே போய்விடலாமா? இடம் ரொம்பக் குறைவு.

பதில் 1:
மோட்டாரை மாற்ற வேண்டாம் நண்பரே. தட்டினால் சரியாகிறது என்றால் மோட்டாரில் குறையில்லை, ஃபில்டர் மடிப்புகளில் மாவு போலத் தூள் அப்பிக் காற்றை அடைக்கிறது. பெரிய மோட்டார் வந்தாலும் இதேதான் நடக்கும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பீக் ஹார்ஸ்பவரையும் நம்பாதீர்கள், ஓடும்போது அந்த அளவு வராது.

வேக்குவத்துக்கு முன்னால் ஒரு சைக்ளோன் செபரேட்டர் வையுங்கள். கூம்பு மாதிரி இருக்கும், அடியில் மூடி போட்ட வாளி. உள்ளே காற்று சுழலும்போது தூள் சுவரோரம் ஒதுங்கி வாளியில் இறங்கிவிடும், பெரும்பகுதி ஃபில்டர் பக்கமே போகாது. மூடியில் லேசாகக் காற்று கசிந்தாலும் தூள் கீழே தங்காமல் மேலே ஏறிவிடும், அதை மட்டும் கவனமாகப் பாருங்கள். வாளியும் தடிமனாக இருக்கட்டும், குழாய் அடைத்துக்கொண்டால் மெல்லிய வாளி உள்பக்கமாக நசுங்கிவிடும்.

பதில் 2:
சாண்டர் தூளில் ரொம்ப நுண்ணியது சைக்ளோனையும் தாண்டும். டிரம்முக்குள் ஃப்ளீஸ் பை (துணி போன்ற தூசிப் பை) போட்டு, ஃபில்டரையும் ஹெப்பாவாக (நுண்ணிய தூளையும் பிடிக்கும் வகை) மாற்றிவிடுங்கள், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்கும். தண்ணீர் இழுக்கும்போது மட்டும் பையை எடுத்துவிட வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது, ஃபில்டரைத் தட்டுவதென்றால் வெளியே போய், மாஸ்க் போட்டுக்கொண்டு தட்டுங்கள். மூடிய கராஜுக்குள் தட்டினால் பிடித்த தூள் அத்தனையும் திரும்ப மூச்சில்தான் ஏறும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. டேபிள் சாவின் அடியில் தூள் வெளியேற 100 மில்லிமீட்டர் வாய் இருக்கிறது. அதற்கும் இதே வேக்குவம் போதுமா?

பதில் 1:
ஓரளவுக்குத்தான். வேக்குவத்தில் இழுவிசை அதிகம், காற்றின் அளவு குறைவு. டஸ்ட் கலெக்டர் அப்படியே தலைகீழ். அந்தப் பெரிய வாய்க்குக் காற்றின் அளவுதான் முக்கியம். ஆனால் அவ்வப்போது அறுப்பவருக்கு 63 மில்லிமீட்டர் குழாயை அடாப்டர் வைத்து மாட்டி, பிளேடு மேலே இருக்கும் பாதுகாப்பு மூடியிலிருந்தும் ஒரு கிளை இழுத்துவிட்டால் சமாளிக்கலாம். சாண்டருக்கு 32 மில்லிமீட்டர் குழாய் போதும். எதுவானாலும் குழாயை முடிந்தவரை குட்டையாக வையுங்கள், நீளமும் வளைவும் கூடக் கூட இழுவை போய்விடும். பின்னால் பிளேனர் (மரத்தை இழைக்கும் மெஷின்) வாங்கினால் அப்போது கலெக்டரைப் பற்றி யோசிக்கலாம், அது தள்ளும் சீவலுக்கு இந்த வாளி சட்டென்று நிறைந்துவிடும்.

அப்புறம், சாவையும் வேக்குவத்தையும் ஒரே சர்க்யூட்டில் போட்டால் பிரேக்கர் விழ வாய்ப்புண்டு. தனித்தனி லைனில் போடுங்கள்.